கடைசிப் பதினாறு பக்கங்கள்

நீண்ட விடுமுறைக்கு முன்னால் அந்த நூலகத்தில் ஒரு தேர்தல் நடக்கும். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அந்த விடுமுறையில் சேர்ந்து படிக்க ஒரே ஒரு புத்தகம். ஓட்டுப் போடுவது ஒன்பது பிள்ளைகள் அடங்கிய குழு. பெரியவர்களுக்குச் சிபாரிசு செய்யும் வேலை மட்டும்தான். ஆளுக்கு ஐந்து நிமிடம். புத்தகம் மூடியபடியே கையில் இருக்க வேண்டும், முடிவைச் சொல்லக் கூடாது. அப்புறம் ஒரு வாரம் பிள்ளைகள் எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஓட்டு. ஜெயிக்கும் புத்தகம் நூறு பிரதி வரும்.

குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பிள்ளைகள் புத்தகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக அவள் சிபாரிசு செய்த எதுவும் ஜெயித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஜெயிப்பவர் முத்திரை மாமா. புத்தகம் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து தேதி முத்திரை குத்துகிறவர். அவர் எரிமலை, சுறா, விண்கல் என்று ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளைகளின் வாயைப் பிளக்க வைத்துவிடுவார்.

இந்த வருடம் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவளுடைய புத்தகம் மறுபடி அச்சாகி வந்திருந்தது. 'ஒன்பதாவது சாவி'. ஒன்பது வயதில் படித்தது. முப்பது வருடமாக எந்தக் கடையிலும் கிடைக்காதது. குழுவுக்கென்று வந்த ஒன்பது பிரதிகளின் கட்டைப் பிரித்து அட்டையைத் தடவினாள். பழைய அட்டை, பழைய எழுத்து, அட்டைப் படம்கூட மாறவில்லை. திறந்து பார்க்கவில்லை. தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த புத்தகத்தை எதற்குத் திறக்க வேண்டும்?

சனிக்கிழமை, அவளுடைய ஐந்து நிமிடம் வந்தது.

"கடலுக்கு நடுவுல ஒரு பாறை. பாறை மேல ஒரு வீடு. தண்ணி வடிஞ்சா நடந்தே போகலாம், ஏறிட்டா வர முடியாது," என்று ஆரம்பித்தாள். "அந்த வீட்டுக்கு ஒரு அக்காவும் தம்பியும் வர்றாங்க. வீட்டுல ஒன்பது கதவு. வளையத்துல எட்டுச் சாவி. ஒன்பதாவது கதவைத் திறந்து நாப்பது வருஷம் ஆச்சு. ஆனா தினமும் மத்தியானம் மூணு மணிக்கு, அந்தக் கதவுக்குக் கீழேர்ந்து ஈரமான காலடித் தடம் வெளியே வருது. படி வரைக்கும் வருது. அங்கே நின்னுடுது."

குழுவில் இருந்த இரட்டையர்களில் ஒருவன் நாற்காலியை முன்னால் நகர்த்தினான்.

"தடம் வெளியே மட்டும்தான் வருது. உள்ளே போற தடமே கிடையாது. ஒரு நாளும்."

"அப்போ உள்ளே எத்தனை பேர் இருக்காங்க?" என்றாள் வக்கீல். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் கேள்வி கேட்காமல் விடாததால் வந்த பட்டம் அது.

"அதைத்தான் அந்த அக்காவும் கேட்கிறா. அவங்களுக்கு உதவிக்கு ஒரே ஒரு ஆள். ஒரு காது மட்டும் இருக்கிற படகோட்டி. இன்னொரு காது எங்கேன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் வேற வேற கதை சொல்வாரு. அவரை நம்பலாமா கூடாதான்னு உங்களுக்குப் பாதிப் புத்தகம் வரைக்கும் தெரியாது."

குழுவிலேயே சின்னவள் பொத்தான். எட்டு வயது. சட்டையின் மேல் பொத்தானை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள். அவள் கையைத் தூக்கினாள்.

"அக்கா, யாராச்சும் செத்துப் போவாங்களா?"

பொத்தானின் கண்ணில் தண்ணீர் கட்டுவதற்குத் தயாராக நின்றது. புத்தகக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாதுடா கண்ணு. படகோட்டி காணாமப் போவாரு, ஆனா திரும்பி வந்துடுவாரு. நான் பொறுப்பு."

"முடிவைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம்," என்றார் முத்திரை மாமா.

"முடிவு எங்கே சொன்னேன்? ஆறுதல் சொன்னேன்."

"தோத்துடுவோம்னு பயம் வந்தா சட்டமெல்லாம் ஆறுதலா மாறிடும்போல."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஒன்பது பேரும் முதலில் எடுத்தது ஒன்பதாவது சாவியைத்தான். முத்திரை மாமாவின் 'ஆழ்கடல் விளக்கு மீன்கள்' மேசையிலேயே கிடந்தது. அவளுக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில், போன வருடம் மாரடைப்பில் போய்விட்ட அண்ணனிடம் மனசுக்குள் பேசினாள். நம்ம புத்தகம் நூறு பிரதி வரப்போகுதுடா.

அண்ணன் ஓர் அச்சகத்தில் பைண்டர். அச்சடித்த பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும், அதற்குப் பாரம் என்று பெயர். பாரங்களை அடுக்கித் தைத்தால் புத்தகம். தைக்கும்போது ஒரு பாரம் விட்டுப்போனால் புத்தகம் விலைக்கு ஆகாது. மேஸ்திரி முதல் பக்கத்தில் நீலப் பென்சிலால் 'குறை' என்று எழுதித் தூக்கிப் போடுவார். அண்ணன் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவான். அந்த வீட்டில் முழுப் புத்தகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒன்றில் நடு இல்லை, இன்னொன்றில் தொடக்கம் இல்லை. இல்லாத பாரத்தை அச்சகத்திலேயே படித்துவிட்டு வந்து அண்ணன் சொல்வான். அவளுக்குத் தெரிந்த புத்தகங்களில் பாதி அச்சில் இருந்தது, பாதி அண்ணன் வாயில் இருந்தது. இரண்டுக்கும் அவள் வித்தியாசம் பார்த்ததே கிடையாது.

புதன்கிழமை மாலை வக்கீல் வந்தாள். பின்னால் பொத்தான். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க பொய் சொல்லிட்டீங்க," என்றாள் வக்கீல்.

"என்ன பொய்?"

"படகோட்டி வரல."

"வருவாரு. கடைசி வரைக்கும் படிச்சியா?"

"ரெண்டு தடவை படிச்சேன்," என்றாள் பொத்தான். "நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க. நான் ஒவ்வொரு பக்கமா வருவாரு வருவாருன்னு பார்த்தேன். அட்டை வந்துடுச்சு."

"அவளுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அழுதுட்டாவது படிச்சிருப்பா," என்றாள் வக்கீல். "இப்போ ஏமாந்துட்டா. சனிக்கிழமை யாரும் உங்களுக்கு ஓட்டுப் போடப் போறதில்ல. நான் எல்லார்கிட்டயும் பேசிட்டேன்."

புத்தகக்கா பொத்தானையே பார்த்தாள். ஓட்டு போனால் போகிறது. அந்தச் சின்னது இனி அவள் நீட்டுகிற எந்தப் புத்தகத்தையாவது நம்பி வாங்குமா?

"கொடு," என்று பொத்தான் கையிலிருந்ததை வாங்கினாள். அவளுடைய பழைய பிரதியில் கடைசிப் பாரம் இல்லை, நூற்று எழுபத்தாறோடு முடிந்துவிடும். நூற்று எழுபத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

நின்றுகொண்டே படித்தாள். ஒன்பதாவது கதவுக்குப் பின்னால் கடலுக்கு இறங்கும் சுரங்கம் இருந்தது. தடங்கள் அங்கிருந்துதான் வந்தன. அது அவளுக்குத் தெரிந்ததுதான். அப்புறம் தண்ணீர் ஏறியது. இரும்புக் கதவு இறங்கியது. அக்காவும் தம்பியும் வெளியே வரும்வரை படகோட்டி அதைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். "இந்தக் காது எப்படிப் போச்சுன்னு இப்போ நெஜத்தைச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். சொல்வதற்குள் கடல் வந்துவிட்டது. அந்த அக்கா மூன்று நாள் மணலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு வீட்டுக்குள் போய்த் தரையைப் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது.

அவ்வளவுதான். அதற்கு மேல் அட்டை.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் வக்கீல். வழக்கு நடத்தும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தெரியாது," என்றாள் புத்தகக்கா. "சனிக்கிழமை சொல்றேன்."

வீட்டுக்கு வந்து பழைய பிரதியை எடுத்தாள். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. நீலப் பென்சில் இல்லை. நூறு தடவை பார்த்த பக்கம், இன்றுதான் கண்ணில் பட்டது. பின்பக்கம் புரட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பைண்டரின் தங்கைக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தைக்காமல் விட்ட பாரம் என்றால் நூல் அந்த இடத்துக்கு வந்தே இருக்காது. இங்கே நூல் வந்திருந்தது. கத்தியால் அறுத்து, கையால் மறுபடி முடிச்சுப் போட்டிருந்தது. நூலுக்கடியில் தாளின் நுனி, மயிரிழை அகலத்துக்கு, ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணிக்குப் போன் செய்தாள்.

"ஒன்பதாவது சாவியா?" என்றாள் அண்ணி. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். "மாட்டிக்கிட்டாரா உங்க அண்ணன்?"

"உனக்குத் தெரியுமா அண்ணி?"

"கல்யாணம் ஆன புதுசுல சொன்னாரு. உங்க அப்பா தவறி நாலு மாசம்தானாம் அப்போ. நீ தினம் சாயங்காலம் வாசல்லயே நிப்பியாம். அந்தப் புக்கு நல்லா விக்கிற புக்கு, குறையெல்லாம் இல்ல. காசு கொடுத்துத்தான் வாங்கினாரு. கடைசில இப்படி இருக்கேன்னு பார்த்து, அறுத்துட்டாரு."

"முப்பது வருஷம் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லல."

"பெரியவளானதும் சொல்லிடலாம்னு இருந்தாராம். அப்புறம் நீ லைப்ரரியன் ஆயிட்டே. இனிமே சொன்னா கொன்னுடுவான்னு பயம் வந்துடுச்சு."

"கொன்னுதான் இருப்பேன்."

"அதான், முந்திக்கிட்டாரு," என்றாள் அண்ணி. இரண்டு பேரும் சிரித்தார்கள். போனை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

சனிக்கிழமை ஓட்டுக்கு முன்னால் ஆளுக்கு மூன்று நிமிடம். முத்திரை மாமா தன் விளக்கு மீன்களைப் பற்றி ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு, "மிச்சத்தை அவங்களுக்குக் கொடுத்துடுங்க, தேவைப்படும்," என்று உட்கார்ந்தார்.

புத்தகக்கா எழுந்தாள். பொத்தானைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் உனக்குத் தப்பான வாக்குக் கொடுத்துட்டேன். இந்தக் கதையில படகோட்டி திரும்பி வர மாட்டாரு. நான் கடைசிப் பதினாறு பக்கத்தைப் படிச்சதே புதன்கிழமைதான். என் புத்தகத்துல அதை என் அண்ணன் அறுத்து எடுத்துட்டான். நான் அழுவேன்னு. அவனாவே ஒரு முடிவைச் சொன்னான். அதைத்தான் உனக்குச் சொன்னேன்."

"உங்க அண்ணன் செஞ்சது சரியா?" என்றாள் வக்கீல்.

"ஒன்பது வயசுல சரிதான். முப்பத்தொன்பது வயசு வரைக்கும் மறைச்சதுக்கு நீ கேஸ் போடலாம். ஆனா ஆளு இல்ல. போன வருஷம் செத்துட்டான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இருந்தாலும் இந்தப் புக்கைத்தான் சிபாரிசு பண்றேன். முன்னைவிட அதிகமா. அந்த மூணு மணி, அந்தக் காஞ்ச தரை... அதைப் படிச்சப்போ எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சு. தடம் வந்தப்போகூட அவ்வளவு பயம் வரல. வராதப்போதான் வந்துச்சு. இவ்வளவு நல்ல புக்குன்னு எனக்கே தெரியாது."

"எனக்கும்," என்றான் இரட்டையரில் ஒருவன். "நான் பாத்ரூம் போகும்போது தரையைப் பார்த்துட்டுத்தான் போறேன்."

"தினமுமா?"

"மூணு மணிக்கு மட்டும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். படகோட்டி கதவைத் தாங்கியது நல்லதா, முட்டாள்தனமா? ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருக்கலாமே? காது எப்படிப் போனது? முத்திரை மாமா மேசையைத் தட்டிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஓட்டுச் சீட்டுகளை எண்ணினார்கள். ஒன்பதாவது சாவிக்கு ஏழு. விளக்கு மீன்களுக்கு இரண்டு.

"ரெண்டு போட்டது யாரு?" என்றார் முத்திரை மாமா. "அவங்களுக்கு நான் அபராதமே போட மாட்டேன்."

வக்கீல் நேராகப் புத்தகக்காவிடம் வந்தாள். "என் ஓட்டு புக்குக்கு. உங்க அண்ணனுக்கு இல்ல."

"சரி."

பொத்தான் பக்கத்தில் வந்து நின்றாள். சட்டைப் பொத்தான் வாயில் இருந்தது. அதை எடுத்தாள்.

"உங்க அண்ணன் என்ன சொன்னாரு? அதையும் சொல்லுங்க."

புத்தகக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணாவது நாள். மூணு மணி. அந்த அக்கா தரையையே பார்த்துட்டிருக்கா. கதவுக்குக் கீழேர்ந்து தண்ணி கசியுது. ஒரு தடம். எப்பவும் வர்றதைவிடப் பெருசு. கதவு திறக்குது. தலையெல்லாம் கடல்பாசியோட படகோட்டி நிக்கிறாரு. அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள, 'சாப்பிட ஏதாச்சும் இருக்கா?'ங்கிறாரு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை.

"இரும்புக் கதவு மூடிடுச்சே. எப்படி வந்தாரு?"

"வேற வழி இருந்துச்சு."

"மூணு நாள் என்ன சாப்பிட்டாரு?"

"நண்டு."

"பச்சையாவா?"

"அவருக்குப் பழக்கம்," என்றாள் புத்தகக்கா. தன் குரல் ஏறுவது அவளுக்கே கேட்டது. அண்ணனை யாரோ தெருவில் வம்புக்கு இழுத்ததுபோல் மல்லுக்கு நின்றாள். "கடல்லயே இருக்கிறவருக்கு நண்டு ஒரு விஷயமா?"

"சரி. சுரங்கம் முழுக்கத் தண்ணி. மூச்சு எப்படி விட்டாரு?"

ஒன்பது வயதில் புத்தகக்கா இதையெல்லாம் கேட்டதே இல்லை. படகோட்டி வந்தார், பசி என்றார், அது போதுமாக இருந்தது.

"தெரியல," என்றாள். "அவன் சொல்லல. நானும் கேக்கல."

பொத்தான், "மேல ஒரு பொந்து இருந்துச்சு," என்றாள்.

"எங்கே?" என்றாள் வக்கீல்.

"சுரங்கத்துக்கு மேல. மூக்கு மட்டும் போற அளவு. அதுல மூக்கை வெச்சுக்கிட்டுத் தொங்கிட்டே இருந்தாரு. அங்கே இன்னொருத்தரும் இருந்தாரு."

"யாரு?"

"இருங்க, சொல்றேன்."

இரட்டையர்கள் நாற்காலிகளை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்கள். வக்கீலும் இழுத்துப் போட்டாள். முத்திரை மாமா முத்திரையைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். புத்தகக்காவும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.