மூன்றாவது கையெழுத்து

சாம்பியனுக்கு ‘மகத்தான வீரர்’ பட்டம் கொடுக்கலாமா என்று சொல்லக் குத்துச்சண்டைச் சங்கம் மூன்று பேரைக் கேட்டிருந்தது. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் ஓய்வுபெற்ற நடுவர்; காகிதத்தைப் படிக்காமல் பேனாவைத் திறக்கிற ஆள் இல்லை. சாம்பியனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தொன்பது பந்தயங்கள், ஒன்றில்கூடத் தோல்வியில்லை. கோப்புகளையெல்லாம் வரவழைத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒரு வாரம் படித்தார்.

சாம்பியனின் கோப்பில் குறையில்லை. எதிராளிகளின் கோப்புகளைப் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடிபட்டு நினைவிழந்தவன் மூன்று மாதம் மேடை ஏறக்கூடாது என்பது விதி. அவர்களில் பதினாறு பேர் அதற்குள் சாம்பியனோடு மோத ஏறியிருந்தார்கள். பதினாறு பேருக்கும் ‘உடல்தகுதி உண்டு’ என்று எழுதியவர் ஒரே டாக்டர். அவற்றில் மூன்று பந்தயங்களில் பத்துவரை எண்ணி முடித்து, சாம்பியனின் கையைத் தூக்கிப் பிடித்த நடுவர் இவரேதான்.

இருபதாவது பந்தயம் இன்று மாலை. எதிராளி இவருடைய மருமகன்.

மத்தியானம் சாம்பியனின் மேனேஜர் வந்து உட்கார்ந்தார்.

“என்னண்ணே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பரப்பி வச்சிருக்கீங்க? ஒரு கையெழுத்துதானே!”

“பெரிய ஆளுன்னு எழுதணும்னா பார்த்துட்டுத்தானே எழுதணும்.”

“பாருங்க, பாருங்க.” காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்: “மாப்பிள்ளைக்குத் தலைசுத்தல் நின்னுடுச்சா?”

எட்டு நாளுக்குமுன் பயிற்சியில் மருமகன் நினைவிழந்து விழுந்தது வெளியே யாருக்கும் தெரியாது. நடுவர் பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“டாக்டர்கிட்ட மட்டும்தாம்ப்பா காட்டினோம். தாராளமா ஏறலாம்னு எழுதியே கொடுத்துட்டாரு.”

எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. பட்டத்துக்கான படிவத்தை இழுத்துத் ‘தகுதியில்லை’ என்று எழுதினார். கீழே பதினாறு பெயர், பதினாறு தேதி. பதினேழாவதாக மருமகன் பெயரை எழுதும்போது அவனே பையோடு வந்து நின்றான்.

“மாமா, காரியத்தைக் கெடுத்துடாதீங்க. பெரிய ஆளுன்னே எழுதுங்க. சப்பை ஆளை ஜெயிச்சா எனக்கென்ன மரியாதை?”

“நீ இன்னைக்கு ஏறக்கூடாது.”

“அப்பா சொல்றதைக் கேளுங்க,” என்றாள் மகள்.

“டாக்டரைவிட உங்கப்பாவுக்குத் தெரியுமாக்கும்!”

மேனேஜர் படிவத்தைப் படித்தார். முகம் மாறவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்குச் சங்கத்துல சேர்த்துடறேன். கிளம்பலாமா தம்பி? வண்டி நிக்குது.”

மருமகன் தாழ்ப்பாளைப் பிடிக்கக் கை நீட்டினான். கை ஒரு சாண் தள்ளி வெறும் சுவரைத் தடவியது. மறுபடி நீட்டினான், மறுபடியும் சுவர்தான்.

நடுவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள், “இருங்க தம்பி” என்று மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார்.