சுவர் இருந்த இடம்

துப்பாக்கிக் கடைக்காரர் ஹார்லன், டோனட் பெட்டியை ஒதுக்கி மேசையில் இடம் செய்து கொடுக்க, ஷெரீப் அலுவலகம் திருப்பித் தந்த காகிதப் பையை ராய்ஸ் அதன்மேல் வைத்துப் பிரித்தான். உள்ளே அவன் மனைவி ட்வைலாவின் பிஸ்டல் இருந்தது. கோடை முழுக்க அரசாங்க அலமாரியில் கிடந்தும் அதற்கு ஒரு குறையும் வரவில்லை. உள்ளங்கைக்கு அடங்குகிற அதே கறுப்புச் சாமான். பிடியின் வரிப்பள்ளங்களில் மட்டும் ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. ராய்ஸ் சட்டை நுனியில் எச்சில் தொட்டு அதைத் துடைத்தான். அது என்னவென்று ட்வைலாவுக்குத் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அந்த மேசையைச் சுற்றி நாலு பேராவது கூடிவிடுவார்கள். ஓக்லஹோமாவின் அந்த மூலையில் மாட்டைப் பற்றிப் பேசாத ஆண்கள் உண்டு, பிஸ்டலைப் பற்றிப் பேசாதவன் கிடையாது. வாங்கியதை வாங்கியபடி வைத்துக்கொள்ள ஒருவனுக்கும் மனசு வராது. ஒருவன் குழாயை மாற்றுவான், ஒருவன் பிடியைச் சுரண்டுவான், பிறகு இங்கே வந்து புதுமாப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு அனுபவம் சொல்வான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டப், குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி ஒன்றைத் தன் பிஸ்டலில் மாட்டியிருந்தார்.

"என்ன டப், புள்ளி ஆப்ட்டுச்சா, இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கியா?" என்றார் ஹார்லன்.

"ஆப்டுது ஆப்டுது. திருடன் வந்தா மட்டும், கொஞ்சம் பொறுடா கண்ணு, கண்ணாடியப் போட்டுக்கிறேன்னு சொல்லணும்."

சிரிப்பு அடங்கியதும் டப் ட்வைலா பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை வந்துவிட்டது. "நாங்கல்லாம் காகிதத்தச் சுட்டுட்டு வாய் கிழியப் பேசுறோம். நெசமா சுட்டது நீ ஒருத்திதான். சொல்லும்மா, ராய்ஸ் போட்ட டிரிகர் எப்படி இருந்துச்சு?"

புது டயர் எப்படி ஓடுகிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை.

"லேசா இருந்துச்சு," என்றாள் ட்வைலா.

ராய்ஸின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, அவனை அறைய வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அப்படி வந்ததே இல்லை.

அவன் அதை அன்பால்தான் செய்தான். தீவனக் கடையில் மூட்டை தூக்கித் தூக்கி அவள் விரல் மூட்டுகள் வீங்கிப்போயிருந்தன. பிஸ்டலின் டிரிகர் விசை கனமானது, இழுத்தால் வலிக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். மறுவாரமே தபாலில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளும் புது விசையும் வந்து இறங்கின. கார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து மாற்றி, பொட்டலம் கட்டி, கல்யாண நாளுக்குப் பரிசாகக் கொடுத்தான். கன்று ஈனும் பருவம், கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்காமல் அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்கு முன்னால், ஆரம்பத்தில், அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். இந்த வகைப் பிஸ்டலுக்கு வெளியே பின்னிழுக்கும் சுத்தியல் கிடையாது, தனியாகப் பாதுகாப்புப் பூட்டும் கிடையாது. உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசி ஒன்று ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு எப்போதும் காத்திருக்கும். விசையை இழுத்தால் முதலில் தொளதொளவென்று வரும், பிறகு ஓரிடத்தில் கெட்டியாக முட்டும். சுடுகிறவர்கள் அதைச் சுவர் என்பார்கள். அதைத் தாண்டி இழுத்தால்தான் வெடிக்கும். சுட முடிவு செய்யும்வரை விசையில் விரலே படக்கூடாது என்பதுதான் எல்லோரும் சொல்லும் விதி. ராய்ஸுக்கு விதியைவிடத் தன் புத்திமேல் நம்பிக்கை அதிகம். "உனக்கு வெரலு மெதுவாத்தான் வரும் ட்வைலா. அதனால மொதல்லயே சுவர் வரைக்கும் போயி நின்னுக்கோ. நின்னு யோசி. அதத் தாண்டறது உன் முடிவு" என்றான். அவள் அப்படியே பழகினாள். கண்ணை மூடிக்கொண்டும் அந்த இடம் அவள் விரலுக்குத் தெரியும்.

அந்தப் பருவத்தில் ஒரு மத்தியானம் தீவனக் கடையில் அவளைத் தவிர யாருமில்லை. கோழிக்குஞ்சுகள் சூட்டு விளக்குக்கடியில் தகரத் தொட்டியில் கத்திக்கொண்டிருந்தன. முகத்தில் துணி கட்டிய ஒருவன் மூட்டை அறுக்கும் கொக்கிக் கத்தியோடு வந்து, கல்லாவைத் திற என்று கத்தினான். மேசையை எட்டி உதைத்ததில் மக்காச்சோளம் தரையெல்லாம் சிதறியது. அவள் பிஸ்டலை எடுத்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். சோளத்தின்மேல் மண்டியிட்டு இரண்டு கையையும் தூக்கினான்.

"மிஸ் ட்வைலா, நான்தான், லேன். சுடாதீங்க மிஸ் ட்வைலா."

லேன் பக்னர். அவன் அம்மா வோண்டா ஆடு வளர்க்கிறவள், பதினைந்து வருஷமாக ட்வைலாவிடம்தான் தீவனம் வாங்குகிறாள். மூட்டையை வண்டியில் ஏற்றுவது இவன்தான். "எந்திரிடா மடையா" என்று சொல்ல ட்வைலா வாயைத் திறந்துவிட்டாள். பயம் போய்க் கோபம் வந்து, கோபமும் போகத் தொடங்கியிருந்தது. விரல் பழக்கப்படி சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சுவர் வரவில்லை. வெடித்தது.

தோட்டா தொண்டைக்குக் கீழே பாய்ந்தது. அவன் பின்னால் சாயவில்லை, முன்னால் குனிந்தான். ரத்தம் சோளத்தின்மேல் கொட்டி மணிகளை நகர்த்திக்கொண்டு போயிற்று. அவள் காலிச் சாக்கைச் சுருட்டிக் காயத்தில் அமுக்கினாள். சாக்கு நனைந்தது, கை நனைந்தது, அவன் மூச்சு அவள் விரலிடுக்கில் குமிழியாக வந்தது. எதையோ கேட்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்து செத்தான். குஞ்சுகள் அதுவரையும் கத்திக்கொண்டிருந்தன, அதற்குப் பிறகும் கத்தின.

கத்தி வைத்திருந்தான் என்று மட்டும் அவள் சொன்னாள். மீதியை விசாரிக்க வந்தவர்களே சொல்லிக்கொண்டார்கள். வழக்கு இல்லை என்றாயிற்று. தேவாலயத்துப் பெண்கள் தினம் ஒருத்தியாகச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்து, அவள் தோளைத் தட்டினார்கள். வோண்டா தீவனத்துக்கு அடுத்த ஊருக்குப் போக ஆரம்பித்தாள். நடந்ததை ட்வைலா ராய்ஸிடம் மட்டும் சொல்லிப் பார்த்தாள். "பயத்துல அப்படித் தோணும். சுவர் இருக்கத்தான் செய்யுது, கொஞ்சம் மெல்லிசு, அவ்ளோதான். நீ முடிவு பண்ணித்தான் சுட்ட. பண்ணினதும் சரி" என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பத் திரும்பக் கேட்டதில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கையைத் தூக்கி மண்டியிட்டவனைக் கொல்லும் முடிவு தன்னுள்ளே எங்காவது இருந்ததா? அது தெரியாமல் அவளால் சாப்பிட முடியவில்லை, வோண்டாவின் தெருப்பக்கம் போக முடியவில்லை. பிஸ்டல் திரும்ப வரட்டும், சுவர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று காத்திருந்தாள். சுவர் இருந்தால் கொன்றது அவள்.

"வா, நாலு ரவுண்டு சுடு. மனசு தெளிஞ்சிரும்," என்றான் ராய்ஸ்.

கடைக்குப் பின்னால் செம்மண் மேட்டின் முன்னே காகித மனிதன் தொங்கினான். காற்று அவனை லேசாக ஆட்டியது. ட்வைலா தோட்டா நிரப்பினாள், பிஸ்டலைத் தூக்கினாள். சுடப் போவதில்லை, சுவர்வரை போய் நிற்கப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். விரல் பின்னால் வந்தது. வெடித்தது.

"நடு நெஞ்சு!" என்று டப் கத்தினார். கைதட்டினார்கள்.

இன்னும் மெதுவாக, வலிக்கிற விரலை நூல் பிடிப்பதுபோல் இழுத்தாள். வெடித்தது. கண்ணில் நீர் முட்டியது. துக்கமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல அவளால் ஆகாது. பின்னால் ராய்ஸ், "பாத்தீங்களாடா, வெண்ணெ மாதிரி!" என்று சொல்வது கேட்டது.

அவள் பிஸ்டலை இறக்காமலே திரும்பினாள்.

அந்த இடத்தில் யாரும் செய்யாத காரியம் அது. ஹார்லன் காப்பிக் கோப்பையோடு தரையில் விழுந்தார். டப் தூணுக்குப் பின்னால் போனார். ராய்ஸுக்கு நகர நேரமில்லை. குழாய் அவன் மார்பைப் பார்த்தது. அவள் விரல் விசையில் இருந்தது.

"ட்வைலா. வெரல எடு. எடும்மா."

"நான் இன்னும் சுடல ராய்ஸ். சுவருக்குத்தான் போயிட்டிருக்கேன். நீ சொல்லிக்குடுத்த மாதிரி நின்னு யோசிக்கப் போறேன்."

"வேணாம். ஐயோ, வேணாம்!"

"ஏன் வேணாம்? அது இருக்கத்தான் செய்யுதுன்னியே."

அவன் மண்டியிட்டான். கைகள் தாமாக மேலே போயின. "இல்ல ட்வைலா. இல்ல."

"அவங்களுக்குக் கேக்கணும்."

"சுவர் இல்ல!" என்று ராய்ஸ் அலறினான். "நான்தான் எடுத்தேன்! ஸ்பிரிங்க மாட்டும்போதே தெரியும், சரியா முட்டலன்னு. லேசா இருந்தா உனக்கு வலிக்காதேன்னு விட்டுட்டேன். நீ சுடல, சுடல, போதுமா!"

போதும் என்று சொல்ல ட்வைலா வாயைத் திறந்தாள். அன்றும் அப்படித்தான் திறந்தாள். வெடிக்கக் காத்திருக்கும் விசையிலிருந்து விரலை எடுப்பதற்கு அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குழாய் அவன் மார்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து மார்புக்கு அலைந்தது. காதருகே உயர்ந்திருந்த ராய்ஸின் விரல்களில் டோனட் சர்க்கரை ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய விரலை அவள் தளர்த்தி முன்னால் நகர்த்தத் தொடங்கினாள். விசையும் விரலோடு ஒட்டிக்கொண்டே முன்னால் வந்தது.