பதினான்காம் இலக்கக் கரடி

சனிக்கிழமை காலை கனடாவின் ரொக்ஸ்பரோவிலுள்ள வீட்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஜொய்சிக்கு ஒரு விஷயந்தான் தெரிய வேண்டியிருந்தது: பதினான்காம் இலக்கக் கரடி உயிரோடு இருக்கிறதா, இல்லையா.

மொன்றியலிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காக, வடக்கே மலைக்காட்டில் பதினெட்டுக் கரடிகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள். அந்தப் பட்டிகளின் ஒலியைப் பின்தொடர்வது அவளுடைய வேலை. கரடி நடமாடும்வரை ஒலி விட்டுவிட்டு ஆறுதலாக வரும். பட்டி பல மணி நேரம் அசையாமல் கிடந்தால் இரட்டை வேகத்தில் அடிக்கும். வியாழக்கிழமை பதினான்கின் ஒலி அப்படித்தான் அடித்தது. ஒன்றில் பட்டி கழன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரடி செத்திருக்க வேண்டும். மார்ச் மாதம் அதன் பொந்துக்குள் இருந்த இரண்டு குட்டிகளையும் ஜொய்சியே தூக்கி நிறை பார்த்திருந்தாள். தாய் இல்லாவிட்டால் அவை கனநாள் தாங்கா.

திங்கட்கிழமை பார்ப்போம் என்றார் பேராசிரியர். வழமையாக அவளோடு வருபவளுக்குக் கால் சுளுக்கு. தனியே காட்டுக்குள் இறங்கக்கூடாது என்பது விதி. ஜொய்சி வெள்ளி மாலையே கணவனிடம் கேட்டுவிட்டாள்.

"சண்டைக்குள்ள வன்னிக் காடுகளில நடந்தது எனக்குக் காணும்," என்றான் ஹென்றி. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்பவன். "திரும்பக் காட்டுக்குள்ள போறேல்லை எண்டு இருந்தனான்."

"தெரியும். நீங்கள் வராட்டி நான் போகேலாது."

அவன் சப்பாத்துத் தேடப் போனான்.

இரண்டு மணி நேர ஓட்டம். அங்கே உருகிய பனி ஓடையைப் பெருக்கிப் பலகைப் பாலத்தைக் கொண்டுபோயிருந்தது. ஜொய்சி வரைபடத்தை விரித்தாள். மேலே ஓடை ஒடுங்கும் இடத்துக்குச் சுற்றிப்போனால் மூன்று கிலோமீற்றர். நடந்தார்கள். இளகிய பனியில் முழங்கால் வரை புதைந்தது. இரண்டு மேடுகளில் நின்று, ஒலி வாங்கும் கை அன்டெனாவைத் திருப்பி, ஒலி பலமாக வந்த திசைகளைக் கோடாகக் கீறினாள். கோடுகள் ஒரு பைன் மரக்கூட்டத்தில் வெட்டிக்கொண்டன.

பட்டி அங்கேதான் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது மேலேயிருந்து மரப்பட்டை உதிர்ந்தது. கொப்பில் இரண்டு குட்டிகள். மரத்துக்குப் பின்னாலிருந்து தாய் வெளியே வந்து, பற்களை அடித்து, நிலத்தில் ஓங்கி அறைந்தது.

"ஓடாதேங்கோ," என்றாள் ஜொய்சி மெல்ல. "அதைப் பார்த்தபடி பின்பக்கமா நடந்து வாங்கோ. கதைச்சுக்கொண்டே வாங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையெண்டாலும்."

ஹென்றி செபம் சொல்லத் தொடங்கினான். நூறு அடி, இருநூறு அடி. கரடி தொடரவில்லை. மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் இருவரும் இருந்தார்கள்.

"உயிரோட இருக்குத்தானே. போவமே?"

"அது பதினான்குதானோ எண்டு தெரியாது. வேற கரடியாயும் இருக்கலாம். வலது காதில குத்தின மஞ்சள் இலக்கத் துண்டு இருக்கோணும்."

தொலைநோக்கியில் இடது பக்கம் மட்டுமே தெரிந்தது. ஒரு மணி நேரம் போனது. இரண்டாவது மணி நேரத்தில் மழை தூறியது. ஹென்றி தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. கால்விரல்கள் மரத்துப்போயின. பின்னேரம் மூன்று மணியளவில் தாய் உறுமிக் குட்டிகளை இறக்கிச் சரிவில் நடக்கத் திரும்பியது. வலது காது தெரிந்தது. மஞ்சள் துண்டு. ஒன்று, நான்கு.

ஜொய்சி தொலைநோக்கியை இறக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்; அது மழைத்தண்ணி மட்டுமல்ல.

கரடிகள் போய் அரைமணி கழித்து இறங்கிப் பட்டியை எடுத்தார்கள். அதை இணைத்திருந்த துணித் துண்டு மழையிலும் பனியிலும் உக்கி அறுந்திருந்தது. இனி ஜூனில் பொறி வைத்துப் பிடித்தால்தான் புதுப்பட்டி கட்டலாம். பிடிபடாமலும் போகலாம்.

வண்டிக்குள் அவள் படிவத்தில் எழுதினாள்: உயிருடன். குட்டிகள் இரண்டு.

ஹென்றி ஈரக் காலுறையைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்தான். "சின்னக் குட்டி இறங்கப் பயந்து கடைசியா வந்தது. அதை எழுதினீரோ?"

"இல்லை."

"எழுதும்."

அவள் எழுதினாள்.