நூறு வீதத்துக்கு ஒரு பிள்ளை அதிகம்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. வலயக் கல்வி அலுவலகம் அனுப்பிய படிவம். மொத்த மாணவர், ஆண், பெண், சமயம், சராசரி வரவு, புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றுவோர், எழுபது புள்ளிக்கு மேல் எதிர்பார்க்கப்படுவோர். கடைசியில் "அடைவுமட்டம் குறைவாயின் காரணம்" என்று மூன்று கோடுகள். நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியன். அந்தக் கோடுகளில் தொடங்கி, ஓரத்தில் எழுதி, தாளின் பின்பக்கத்துக்கும் போய்விட்டேன். அதிபர் வேறு படிவம் தந்தார். பழையது என்னிடம் இருக்கிறது. நீங்கள் வாசிப்பது அதன் பின்பக்கம்.

(பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். புளியங்குளத்திலிருந்து பதினான்கு கிலோமீற்றர் உள்ளே என்பதோடு நிறுத்துகிறேன்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"வன்னியின் கடைக்கோடியில் வசதிகளற்ற ஒரு..." வேண்டாம். இப்படித் தொடங்கினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், வாசிக்கமாட்டார்கள்.

"மேனுகா மெல்லக் கற்கும் மாணவி. வரவு ஒழுங்கில்லை..." இது படிவத்தில் நான் எழுதியது. பொய் இல்லை. ஆனால் கச்சான் கடலை பிடுங்கும் நாட்களில் அவளுடைய தாய் மீனம்மா அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக, தம்பியைப் பார்க்க இவள் வீட்டில் நிற்பாள் என்பது அதில் இல்லை.

"நாற்பத்து மூன்று பிள்ளைகளில்..." இதைத் தொடரலாம்.

நாற்பத்து மூன்று பிள்ளைகளில் பதினேழு பேர் வாய்க்கால் பக்கம். குடாநாட்டிலிருந்து வந்து குளத்துத் திட்டத்தில் வயல் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள். மற்ற இருபத்தாறு பேரும் மேட்டுப் பக்கம். மலைத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். குளத்துத் தண்ணீர் அங்கே ஏறாது. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

நான் வாய்க்கால் பக்கம்.

ஐந்தாம் வகுப்பில் மேனுகாவோடு ஐந்து பேர். அதாவது ஒரு பிள்ளை இருபது வீதம். மேனுகா மேட்டுப் பக்கம்; ஆனால் அதே பக்கத்து லக்ஷன்தான் வகுப்பில் முதலாவது. இதை எழுதியதும் என் வாதம் கொஞ்சம் ஆடுகிறது. ஆடட்டும்.

3

அதிபர் செல்வராசாவைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். முயன்று பார்த்தேன். அவர் இணங்கவில்லை.

"ஐசே, கணக்கைப் பாரும். நாலு பேர் போனா நாலும் எழுபதைத் தாண்டும், நூறு வீதம். அஞ்சு பேர் போனா எண்பது. இதையும் உமக்குப் படிப்பிக்கோணுமே?"

"அப்ப மேனுகா?"

"பிள்ளைக்கு அண்டைக்குக் காய்ச்சல் வரட்டும்." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "போன வருசம் ஐம்பது வீதம். இந்த முறையும் நூறு காட்டாட்டி எங்களைப் பூட்டி மற்றப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துப்போடுவினம். எட்டுக் கிலோமீற்றர். பஸ் இல்லை. நாப்பத்திமூண்டு பிள்ளையளும் நடக்குமோ? மேனுகாவும்தானே நடக்கோணும்?"

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மேட்டுப் பக்கம் போனேன், பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று மீனம்மாவிடம் சொல்வதற்காக.

4

மீனம்மா பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருமினேன். அப்போது மேனுகா முன்னால் வந்து நின்றாள்.

"சேர், அஞ்சில நாலெண்டா எண்பது. நான் வராட்டி நாலில நாலு, நூறு. அதுக்குத்தானே வந்தனீங்கள்?"

"வாயப் பாரு! சேர்கிட்ட இப்புடியா பேசுறது?" என்றார் மீனம்மா.

மெல்லக் கற்கும் மாணவி வீதம் கணித்துவிட்டாள். வகுப்பில் நான் இன்னும் படிப்பிக்காத கணக்கு. என் தலை தானாகக் குனிந்...

5

இல்லை. அது நடக்கவில்லை.

கதிரை உண்மை. மற்றது நான் சேர்த்தது. ஏன் சேர்த்தேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவளைக் கெட்டிக்காரி ஆக்கினால்தான் நீங்கள் அவள் பக்கம் வருவீர்கள் என்று பயந்திருக்கிறேன். ஒரு பிள்ளை பரீட்சை மண்டபத்தில் ஒரு கதிரையில் இருப்பதற்கு முதலில் கெட்டிக்காரியாக இருக்கவேண்டுமா? அதிபர் சொன்னதும் அதுதானே. நான் அதையே கொஞ்சம் அழகான தமிழில் எழுதியிருக்கிறேன்.

நடந்தது இது.

"படிக்கச் சொன்னா ஆட்டுக்குட்டிக்குப் பாடம் எடுக்கிறா சேர்," என்றார் மீனம்மா. "இவ பாஸ் பண்ணுறாளோ இல்லையோ, அந்தக் குட்டி பாஸ் பண்ணிரும்."

மேனுகா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "சேர், நம்பரை எந்தப் பக்கம் குத்துறது? லக்ஷன் தன்ரயைக் காட்டினவன்."

(பரீட்சைக்குப் போகும் பிள்ளை சுட்டெண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு போகவேண்டும். மட்டையில் எழுதி வெட்டிக்கொடுப்பது நான். ஐந்து வெட்டினேன், நான்கு கொடுத்தேன்.)

"பாப்பம்," என்றேன்.

எந்தப் பக்கம் என்று கேட்ட பிள்ளைக்கு "பாப்பம்" என்பது பதில் இல்லை. அவளும் அதைப் பதிலாக எடுக்கவில்லை. காத்து நின்றாள். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே மோட்டார்சைக்கிளை எடுத்தேன். அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அனுப்புங்கோ என்றும் சொல்லவில்லை.

6

இன்று சனிக்கிழமை பின்னேரம். நாளை பரீட்சை. பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுபோகும் பாலனின் வான் காலை ஆறரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். நான்கு வீடுகளுக்கு அறிவித்தாயிற்று.

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

மேனுகா போகவில்லை. நூறு வீதம். மேட்டுப் பக்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. (யாரும் கேட்காததைத்தான் என்னால் எழுத முடியவில்லை.)

மேனுகா போகிறாள். எழுபத்தொரு புள்ளி. (அழித்துவிட்டேன். திரும்பவும் அதே வேலையைப் பார்க்கிறேன்.)

மேனுகா போகிறாள். நாற்பத்தெட்டுப் புள்ளி. எண்பது வீதம். அடுத்த தை மாதம் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் காட்டு ரோட்டில்...

இந்த வசனத்தோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டேன். ஐந்தாவது மட்டை என் சட்டைப் பையில் வியர்வையில் வளைந்து கிடக்கிறது. எழுத்து இன்னும் கலையவில்லை.

போன் அடிக்கிறது. மீனம்மா. பின்னால் ஆட்டுக்குட்டி கத்துகிறது.

"சேர், லக்ஷன்ட அம்மா வான் வருதுன்னு சொன்னாங்க. நான் தோட்டத்தில நின்னுட்டேன், உங்க கோல் வந்திச்சோ தெரியல, கோவிக்காதீங்க. புள்ளைக்கு நாளைக்கு எத்தின மணிக்கு வானுங்க?"

நேரம் உங்களுக்குத் தெரியும். மேலே எழுதியிருக்கிறேன். அவர் காத்துக்கொண்டு நிற்கிறார். இந்தாருங்கள், போனை உங்களிடம் நீட்டுகிறேன்.