ஓர மேசையில் இருந்த கிண்ணம்

வீடியோவில் முப்பதாவது நிமிஷம் வந்தபோது லுத்விகாவின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

வியாழக்கிழமை மதியம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, சமையல்காரி லுத்விகா தன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக் கூடையில் போனைச் சாய்த்து வைத்து, போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஓடவிட்டிருந்தாள். அந்தப் பூசைக்கு அவள் போகாமல் இல்லை. கோயிலில் பூசைச் சாமான்களை எடுத்து வைப்பதே அவள்தான். ஆனால் ஜெர்மனிக்குக் குடிபோன தங்கை, 'முப்பதாவது நிமிஷத்தில் உன் புதுத் தலைத்துணி அழகாகத் தெரிகிறது, பார்' என்று எழுதியிருந்தாள். ஊரில் பாதி சனம் ஜெர்மனிக்குப் போய்விட்டது. போனவர்களுக்காக மார்த்தா வாராவாரம் பின் பெஞ்சிலிருந்து பூசையைப் படம்பிடித்து அனுப்புவாள்.

தலைத்துணி அழகாகத்தான் தெரிந்தது. அதற்கு இடப்பக்கம், சுவரோர மேசையில், தண்ணீர்க் குடுவைக்கும் துவாலைக்கும் நடுவே மூடி போட்ட வெள்ளிக் கிண்ணம் ஒன்று தெரிந்தது. பீடத்தில் ஃபாதர் ரொமுவால்ட் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிறார். மணி அடிக்கிறது. எல்லோரும் தலை குனிகிறார்கள். கிண்ணம் பாட்டுக்கு ஓர மேசையில் இருக்கிறது.

அது அங்கே இருக்கக் கூடாது. பீடத்தில், சாமியாரின் கைக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும்.

லுத்விகா வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். முன்னால் தள்ளிப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் கிண்ணம் ஓர மேசையை விட்டு அசையவே இல்லை.

எல்லாம் ஞாபகம் வந்தது. வாரத்துக்கு வேண்டிய முப்பது அப்பங்களை எண்ணிக் கிண்ணத்தில் போட்டுப் பீடத்தில் வைத்தது அவள்தான். பீடத் துணியில் மெழுகு சிந்தியிருப்பதைப் பார்த்து, சுரண்டுவதற்காகக் கிண்ணத்தை ஓர மேசைக்கு மாற்றியதும் அவள்தான். அப்புறம் கோயில் மணி அடித்துவிட்டது. திரும்ப எடுத்து வைக்க மறந்தே போனாள். சனத்துக்கு அப்பத்தை நன்மையாகக் கொடுத்து முடித்ததும் ஃபாதர், பனிப்புயலுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டிய அவசரத்தில், திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டினார். அவள் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். அப்பங்களைப் பத்திரப்படுத்தும் பேழைக்குள் வைத்துப் பூட்டினார். போன வாரத்து மிச்சத்தை வழக்கம்போல அன்றைக்கே உட்கொண்டு தீர்த்திருந்தார்.

ஆக, பேழைக்குள் இப்போது இருப்பது முப்பது துண்டு கோதுமை மாவு. சாமியார் பீடத்தில் வைத்து வசனம் சொன்னால்தான் அது ஆண்டவர். சொல்லாதவரைக்கும் அடுப்பில் சுட்ட பண்டம்.

முப்பது இல்லை, இருபத்தொன்பது. ஒன்றை வில்லிக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வில்ஹெல்ம் ரவுஷ், ஊருக்கெல்லாம் வில்லி, அறுவடை இயந்திரம் ஓட்டியவர். நாற்பது வருஷமாகக் கோயில் வாசல் மிதிக்காத மனுஷன். லுத்விகா பதினோரு வருஷம் அவர் வீட்டுக்கு நடந்தாள். ரொட்டி கொண்டுபோவாள், திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவாள். இரைப்பையில் கட்டி வந்து படுத்த பிறகுதான் போன ஞாயிறு, பூசைக்கு முன்னால், ஃபாதரை உள்ளே விட்டார். ஒரு மணி நேரம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஃபாதர் எண்ணெயும் பூசினார். ஆனால் அன்றைக்கு வாந்தி நிற்கவில்லை. "வயிறு அடங்கட்டும், நன்மையை லுத்விகா கொண்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆயர் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

புதன்கிழமை கொண்டுபோனாள். வில்லி வாங்கினார். குழந்தை மாதிரி அழுதார். லுத்விகாவும் அழுதாள்.

அவள் சூப்பை அப்படியே வைத்துவிட்டு ஃபாதருக்குப் போன் போட்டாள்.

"ஃபாதர், பெரிய தப்பு நடந்துபோச்சு."

"குரலே சரியில்லையே. உட்கார்ந்து சொல்லுங்க."

"உட்கார்ந்துதான் இருக்கேன் ஃபாதர்." வீடியோவில் பார்த்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அது அங்க இருக்குன்னு உங்களுக்கு மனசுல தெரியுமா ஃபாதர்? தெரிஞ்சு அதுக்கும் சேர்த்து வசனம் சொல்லியிருந்தா ஒருவேளை..." என்று இழுத்தாள். அந்த 'ஒருவேளை'யைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.



"நான் பார்க்கவே இல்ல லுத்விகா. பீடத்துல இருந்ததுக்குத்தான் சொன்னேன். கிண்ணத்துல இருந்தது ஆண்டவர் ஆகல."

"வில்லிக்கு அதைத்தான் குடுத்தேன்."

"தெரியுது. கேளுங்க. அவர் பாவசங்கீர்த்தனம் செஞ்சாச்சு, எண்ணெய் பூசியாச்சு. ஆண்டவர் அவரைக் கைவிட மாட்டார். முதல்ல அதை நம்புங்க."

"நம்புறேன் ஃபாதர். ஆனா அவர் வாயைத் திறந்தது ஆண்டவருக்கு. நான் பிஸ்கோத்து குடுத்திருக்கேன். நர்சம்மா இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லுது."

"வந்துடுறேன். ரோட்டுலதான் போலீஸ்காரன் தடுப்பைப் போட்டுட்டான். புயல் அடங்காம ஒரு வண்டியையும் விட மாட்டான். எப்படியாவது வர்றேன். அதுக்குள்ள ரெண்டு காரியம் பண்ணுங்க. பேழைக் கதவைத் திறந்து வையுங்க. ஆண்டவர் உள்ள இருக்காருன்னு காட்டுற சிவப்பு விளக்கை அணைச்சிடுங்க. சாயங்காலம் ஜெபமாலைக்கு ஜனங்க வருவாங்க இல்ல? மாவு முன்னாடி யாரும் முழங்கால் போட வேணாம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே ஃபாதர்."

"தெரியட்டும்," என்றார். கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஃபாதர் இருக்கும் நகரம் ஐம்பத்துநான்கு கிலோமீட்டர். நல்ல நாளில் ஒரு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே எதிர்ப்புறக் கடை தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு ஜெபமாலைக்காரப் பெண்கள் பனியைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காற்றிலும் ஏழு பேர். உள்ளே நுழைந்ததும் ஏழு பேரும் முழங்கால் மடக்கப் போய், பாதியில் நின்றார்கள். விளக்கு இல்லை. பேழை வாய் பிளந்து கிடந்தது.

"என்னடி இது, பேழையக் காலி பண்ணி வைக்கிற பெரிய வெள்ளிக்கிழமை இந்த வருஷம் சீக்கிரம் வந்துருச்சா?" என்றாள் புரோன்யா. அறுபது வயது. நாக்கு மட்டும் இன்னும் இருபது. "யாரு எடுத்துட்டுப் போனது ஆண்டவரை?"

லுத்விகா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அடிப்பாவி! அப்ப திங்கக்கிழமை நான் ஒரு மணி நேரம் முட்டி தேய மண்டி போட்டு அழுதது?"

"ஆண்டவர் கேட்டிருப்பார் அக்கா."

"எனக்குக் கத்துக்குடுக்காத. ஒரு மெழுகைச் சுரண்டப்போய் ஊரையே கவுத்துட்ட. எத்தனை தடவை சொன்னேன், சாமான் எடுத்து வைக்கிற வேலைய ரெண்டு பேரா பண்ணுங்கன்னு? இவளுக்குத்தான் யாரும் கிட்ட வரக் கூடாதே!"

மார்த்தா போனைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள், தன்மேல்தான் குற்றம் என்பதுபோல. "நான் வீடியோ எடுக்காம இருந்திருந்தா..." என்று முனகினாள்.

"நீ வாயை மூடு. நீ எடுத்ததாலதான் தெரிஞ்சுது." புரோன்யா லுத்விகா பக்கம் திரும்பினாள். "புதன்கிழமை வில்லிக்குக் கொண்டுபோனியே?"

லுத்விகா தலையை மட்டும் ஆட்டினாள்.

 கூரைத் தகடு காற்றில் படபடத்தது. புரோன்யா செருமினாள்.

"பனி தள்ளுற வண்டி ஓட்டுற செரிக் என் பக்கத்து வீடு. இப்ப நகரத்துலதான் நிக்கிறானாம், விடிஞ்சதும் இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு வருவான்னு அவன் பொண்டாட்டி சொன்னா. நான் பேசுறேன்."

கோயிலுக்குள்ளேயே போனை எடுத்தாள். "டேய் செரிக், உன் வண்டியில ஒரு சாமியாரை ஏத்திக்கிறியா?"

போனிலிருந்து ஆள் குரல் எல்லோருக்கும் கேட்டது. "ஏத்தலாம் அக்கா. முல்லாவை ஏத்தியிருக்கேன், சாமியார் இதான் முதல் தடவை. குளிருக்குப் பயப்படுவாரா?"

"உன் ஓட்டத்துக்குத்தான் பயப்படுவாரு. விடியறப்போ அவரை நகரத்துக் கோயில்ல போய் ஏத்திக்க. நம்ம வில்லி சாகக் கிடக்கான்."

"வில்லி அண்ணனா?" குரல் மாறியது. "எனக்கு டிராக்டர் சொல்லிக்குடுத்தது அவர்தான். சரி அக்கா."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் லுத்விகா வில்லி வீட்டில் இருந்தாள். சமையலுக்கு மார்த்தாவை அனுப்பிவிட்டாள். செரிக் ஆறரைக்கே கிளம்பிவிட்டான் என்று புரோன்யா சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவன் போனில் கிடைக்கவில்லை.

வில்லியின் மனைவி தமரா சமையலறையிலேயே அவளை மறித்தாள். ருஷ்யக் கோயில்காரி, வேறு சபை. புருஷன் எந்தக் கோயிலுக்கும் போகாததில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை.

"நேத்து ராத்திரியிலிருந்து எதுவும் இறங்கல. ஸ்பூன்ல தண்ணி விட்டா அதுவும் பாதி வெளியில வருது. என்ன முகம் அது? என்ன ஆச்சு?"

லுத்விகா நடந்ததைச் சொன்னதும் தமரா கதவில் சாய்ந்து நின்றாள்.

"அவர்கிட்ட சொல்லப் போறியா? சொல்லாத. புதன்கிழமையிலிருந்துதான் அந்த மனுஷன் கத்தாமத் தூங்குறாரு. இப்பப் போய் அது பொய்னு சொன்னா? உன்னைத்தான் நம்பினாரு, சாமியாரைக்கூட இல்ல."

"சொல்லாம எப்படி தமரா இன்னொரு தடவை வாங்கச் சொல்றது?"

"ஃபாதர் சும்மா குடுத்துட்டுப் போகட்டும். எதுக்குன்னு அவரு கேக்கவா போறாரு?"

"கேப்பாரு," என்றாள் லுத்விகா. "நாற்பது வருஷமா கேள்வி கேட்டுத்தானே வெளியில நின்னாரு. ஏமாத்திக் குடுத்தேன்னு இருக்கக் கூடாது."

 தமரா கதவை விட்டு நகர்ந்தாள். அவ்வளவுதான்.

வில்லி விழித்திருந்தார். முகம் தேய்ந்து மூக்கு மட்டும் நின்றது. லுத்விகா கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள். நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

"வில்லி அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

மெழுகு, ஓர மேசை, கிண்ணம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் கண் சிமிட்டாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தும் அப்படியே இருந்தார். திரும்பிச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொள்வார் என்று பயந்தாள். 'எல்லாம் வேஷம்னு நான் சொல்லல?' என்பார். பதினோரு வருஷமும் ஒரு மெழுகுச் சொட்டில் போகப்போகிறது.

"அப்போ நான்..." குரல் காற்றாக வந்தது. "மாவைத் தின்னுட்டா அழுதேன்?"

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணே."

அவர் நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று தமரா ஓடிவந்தாள். சிரிப்பு. வலிக்க வலிக்க வந்த சிரிப்பு.

"இவ்வளவு கணக்கா... பார்ப்பீங்களாடீ நீங்க?" என்றார். மூச்சு வாங்கியது. "சும்மா சடங்குன்னா... நீ வந்து சொல்லியிருக்க மாட்ட."

லுத்விகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாதர் வர்றாரா?" என்றார் வில்லி.

"வழியில இருக்காரு."

"தூங்க விடாதீங்க என்னை."

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. ஒன்பது மணி. ஒன்பதரை. தமரா ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். லுத்விகா ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். இடையிடையே "வில்லி அண்ணே!" என்று சத்தம் போட்டாள். ஒவ்வொரு முறையும் கண் திறக்க நேரம் கூடிக்கொண்டே போனது. பத்து மணிக்கு மூச்சு இரண்டு முறை விட்டு விட்டு வந்தது. விரல் நுனி குளிர்ந்திருந்தது.

"எங்கடி உன் ஃபாதர்?" என்றாள் தமரா. இப்போது அவளும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தேகாலுக்கு ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பனி தள்ளும் வண்டி தெருவையே அடைத்துக்கொண்டு வந்து நின்றது. செரிக் முதலில் குதித்து, கையைக் கொடுத்துச் சாமியாரை இறக்கினான். ஃபாதர் ரொமுவால்டின் ஒரு கை நெஞ்சில், கோட்டுக்குள் இருந்தது. வெளியே எடுக்கவே இல்லை. வாசலில் எதிர்ப்பட்ட தமராவுக்குக்கூட வணக்கம் சொல்லாமல் நேராக உள்ளே வந்தார். செரிக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அறை வாசல்படியிலேயே நின்றான்.

"வில்ஹெல்ம், கேக்குதா?"

இமை அசைந்தது.

"முழுசாக் குடுத்தா அடைச்சுக்கும் ஃபாதர்," என்றாள் லுத்விகா.

"ஒரு துணுக்கு போதும். துணுக்குலயும் முழுசா ஆண்டவர்தான். ஸ்பூனும் தண்ணியும் கொண்டாங்க."

தமராதான் ஓடினாள். ஃபாதர் கோட்டுக்குள் பிடித்திருந்த சின்னச் சிமிழை எடுத்துத் திறந்து, கொண்டுவந்த அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் இட்டார். ஜெபத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "கிறிஸ்துவின் உடல்," என்றார்.

வில்லியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆமென் என்று லுத்விகா படித்துக்கொண்டாள்.

ஸ்பூன் உள்ளே போனது. வாய் மூடியது. நாலு பேரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள். அது அசையவில்லை. கடைவாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டது. லுத்விகா தன் எச்சிலை விழுங்கினாள், அவருக்காக அவள் விழுங்க முடியும் என்பதுபோல.

"அண்ணே, முழுங்குங்க. இதான். இதான் அது."

தமரா புருஷனின் கழுத்தை இரண்டு விரலால் மெதுவாக மேலிருந்து கீழே தடவிவிட்டாள். மறுபடி தடவினாள். மூன்றாவது தடவை தொண்டை மேலேறி இறங்கியது.

"போயிடுச்சா?" என்றாள் தமரா.

ஃபாதர் அவர் தாடையை மெல்லப் பிடித்து வாய்க்குள் குனிந்து பார்த்தார்.

"போயிடுச்சு," என்றார்.