சின்னவன் முதலில் பேச வேண்டும்

பட்டாளத்துக்காரர்கள் நீதிபதிகளாக உட்காரும்போது ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்பைப் பேசி முடிவெடுக்கையில் பதவியில் சின்னவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர் முந்திக்கொண்டால் சின்னவன் பூம்பூம் மாடாகிவிடுவான் என்ற பயம். எங்கள் மூவரில் சின்னவன் நான், கேப்டன் டியர்னி.

1961 டிசம்பர், டப்ளின். நாட்டின் வடக்கு எல்லையில் குண்டு வைத்தவர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம், ஜூரி கிடையாது. சட்டம் படிக்காத எங்களை உட்கார வைத்திருந்தார்கள்.

மாலக்கி டுயிக்னன், பத்தொன்பது வயது. "இந்தக் கோர்ட்டை நான் ஏத்துக்கல" என்றவன் அதன்பின் வாயே திறக்கவில்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் கரி அடுக்கும் கொட்டகையில் தோட்டாக்கள் கிடைத்தன, அவ்வளவுதான் சாட்சியம். கொட்டகைக்குப் பூட்டில்லை, மூன்று வீட்டார் அங்கே கரி எடுப்பார்கள். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் தலைவர் கர்னல் லவெல் விசாரணை நடந்த இரண்டு நாளும் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

உள்ளறையில் தேநீர் வந்தது.

"சொல்லுப்பா டியர்னி."

அவர் முகத்தைப் பார்த்தேன். "குற்றவாளிதான் சார்."

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் மேஜர் கடோகன்.

கர்னல் கோப்பையைக் கீழே வைத்தார். "பூட்டில்லாத கொட்டகை. யாரு வேணா வச்சிருக்கலாம். சாட்சி சொல்ல வந்த போலீஸ்காரன் உளறினதுக்குத்தான் ரெண்டு நாளா முறைச்சிக்கிட்டிருந்தேன். நான் விட்டுடலாம்னு சொல்றேன்." என் பக்கம் திரும்பினார். "உன்னை முதல்ல பேச வைக்கிறதே என் மூஞ்சியைப் பாக்கக் கூடாதுன்னுதானே?"

பதிலுக்குக் காத்திருந்தார். மாற்றிச் சொல்லியிருக்கலாம். மேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

பெரும்பான்மைதான் தீர்ப்பு. யார் மறுத்தார் என்பதை எவரும் எப்போதும் வெளியே சொல்லக் கூடாது, அது சட்டம். நான்கு வருடம் என்று கர்னலே வாசித்தார். குரல் பிசகவில்லை.

வாசலில் பையனின் அம்மா நின்றாள். "உனக்கெல்லாம் பிள்ளை குட்டி இல்லையா?" என்று கர்னலைக் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சின்னப் பையன். உனக்கு மனசு இருந்திருக்கும், தம்பி. இந்தக் கிழவன்தான் விட்டிருக்க மாட்டான்."

கர்னல் காதில் அது விழுந்தது. அவரால் மறுத்துச் சொல்ல முடியாது. சட்டம் என் வாயையும்தான் கட்டியிருந்தது. அன்றைக்கு அந்தச் சட்டத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.