புறவாசலில் எல்லாம் இருந்தது

கோடாலி அவர் தலைக்கு மேலே நிற்கிறது, பலாவின் அடிமரத்தில் இன்னும் படவில்லை, எனக்குத் தாலி கட்டிய நயினார் ஈரத்துண்டோடு நின்று, காய்ப்பியா மாட்டியா, வெட்டிருவேன் என்று மரத்தை அதட்டுகிறார், போகியன்று எங்கள் பக்கம் இது வழக்கம்தான், காய்க்காத மரத்தை ஒருவர் மிரட்டவேண்டும், வீட்டில் இன்னொருவர் குறுக்கே வந்து, விட்டுருங்க, வர்ற வருசம் காய்ச்சிரும் என்று சொல்லவேண்டும், சொன்னவரே வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி அதற்குப் பொறுப்பாக இருக்கவேண்டும், நான் கல்யாணமாகி வந்த மாதம் ஊன்றிய கொட்டை அது, மூன்று வருஷமாகக் குறுக்கே வந்து சொன்னவளும் நான்தான், இன்று காலையில் வெந்நீர் ஆறிப்போனதற்கு வாங்கிய அடியில் என் உதடு கிழிந்திருக்கிறது.

உப்பும் மண்ணெண்ணெயும் தவிர அந்த வீட்டுக்கு வேண்டியதெல்லாம் புறவாசலில் இருந்தது, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும், அடுப்புச் சாம்பல் கத்தரிக்கு, சாப்பிட்ட இலை மாட்டுக்கு, சாணம் மறுபடி வாழைக்கு, எதுவும் வீணாகாது என்று ஊரே மெச்சும், அடிக்கக்கூட அவர் வெளியிலிருந்து எதையும் வாங்கியதில்லை, புளியவிளார் இருந்தது, தென்னைமட்டை இருந்தது, பச்சை வாழைமட்டை இருந்தது, அது தோலைக் கிழிக்காது, உள்ளே கன்றவைக்கும், அப்புறம் அத்தை, அவரைப் பெற்றவர், வேலியோரம் நொச்சி பறித்து வதக்கி ஒத்தடம் கொடுப்பார், அவனுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது, நீதான் அனுசரிச்சுப் போவணும் என்பார், எனக்கு அவரைவிட அத்தை மேல்தான் வெறுப்பு அதிகம்.

ஓங்கிய கோடாலியை இறக்காமலே சொல்லுடி என்கிறார், நான் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான், எனக்காக ஒருவரும் ஒருநாளும் குறுக்கே வராத வீட்டில் மரத்துக்கு மட்டும் நான் ஏன் வரவேண்டும், மறுபடி கேட்டார், கிணற்றடியில் அத்தை வாளியோடு நிற்கிறார், நான் வாயைத் திறக்கவில்லை, வெட்டினார், பால் வழிந்தது, கோடாலியை மரத்திலேயே விட்டுவிட்டு என் கூந்தலைப் பிடித்து அதே மரத்தில் தலையை மோதினார், மறுபடியும் மோதினார், கண்ணில் ரத்தம், கை எதையோ பிடிக்கிறது, கோடாலிப் பிடி, பிடுங்கிக்கொண்டு திரும்புகிறேன், அவர் பின்னால் நகர்ந்து வாழைப்பாத்திச் சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுகிறார், இப்போது கோடாலி என் தலைக்கு மேலே நிற்கிறது, திருந்துவியா மாட்டியா, வெட்டிருவேன் என்கிறேன், மிரட்டல் இல்லை, வெட்டியிருப்பேன், இன்றைக்கும் சொல்கிறேன், வெட்டியிருப்பேன்.

வாளியைப் போட்டுவிட்டு அத்தை ஓடிவந்து குறுக்கே விழுந்தார், விட்டுரும்மா, வர்ற வருசம் கை ஓங்கமாட்டான். தெரிந்துதான் சொன்னாரா, பதற்றத்தில் வாயில் அதுதான் வந்ததா, நான் கேட்டதில்லை. சொன்னவங்கதான் பொறுப்பு அத்தை, என்று சொல்லிக் கோடாலியை இறக்கினேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அத்தை பாய் விரித்துப் படுத்தார்.